காஸ்ட்யூம் போட்டுக்கொண்டு யாரும் தவறி விழுவதில்லை

(திருமுடிவாக்கத்தில் மார்கழி மாலைக் கூட்டமொன்றில், ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியை ஒருவர் ஆற்றிய சொற்பொழிவு. பேச்சின் போக்கு மாற்றப்படவில்லை.)

மைக்கைக் கொஞ்சம் தாழ்த்திக் கொடுங்கள் தம்பி, நான் உயரம் குறைச்சல். அந்த வாளியை யாரும் நகர்த்த வேண்டாம். அதில் இருப்பது வெறும் தண்ணீர்தான். பக்கத்தில் கிடப்பது என் வீட்டுக்காரருடைய ஸ்வெட்டர். மேஜையில் இருக்கும் தொங்கு தராசு பழைய பேப்பர் எடுக்கிறவரிடம் இரவல் வாங்கியது. ஏழு மணிக்குத் திருப்பிக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறேன். ஆகவே நீட்டி முழக்க மாட்டேன்.

இந்தப் பேச்சுக்குப் பொருள் எடுத்துக் கொடுத்தது எங்கள் தெருப் பையன் ஒருவன். ஏழாம் வகுப்பு. போன வாரம் காலையில் பால் வாங்கப் போனேன். அவன் குரங்குக் குல்லாயும் ஸ்வெட்டருமாக வாசலில் நின்றுகொண்டு பாட்டியிடம் வாதாடிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும், “டீச்சரம்மா, நீங்களே சொல்லுங்க, ஸ்வெட்டர் போட்டுக்கினே தண்ணியில எறங்கி நீஞ்சுனா குளிராதுதானே?” என்றான். பாட்டி விடவில்லை. “நீஞ்சுவ நீ! ஸ்வெட்டரு தண்ணிய குடிச்சிட்டு உன்னை அப்படியே கீழ இழுத்துக்கினு போயிடும்.”

நாற்பது வருஷம் விசில் ஊதிப் பிழைத்தவள் நான். இப்படி ஒரு கேள்வியை என்னிடம் எந்தப் பிள்ளையும் கேட்டதில்லை. பையன் சொன்னது பாதி சரி. பாட்டி சொன்னதும் பாதி சரி. இரண்டு பாதியையும் பிரித்துக் காட்டத்தான் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

சென்னைக்காரனுக்கு எதற்கு ஸ்வெட்டர் என்று வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். நம் குளிர் இருபது டிகிரிக் குளிர். சென்னையில் இதுவரை பதிவானதிலேயே குறைந்த வெப்பநிலை 13.9 டிகிரி. அதுவும் நூறு வருஷத்துக்கு முந்திய கதை. ஆனாலும் ராத்திரி ஷிப்டு முடித்து சிட்கோ தொழிற்பேட்டையிலிருந்து பைக்கில் திரும்புகிறவர்களைக் கேளுங்கள், வெளிவட்டச் சாலையில் அடிக்கும் காற்றில் பல் கிட்டித்துப் போகும் என்பார்கள். குளிர் என்பது பழக்கத்தைப் பொறுத்தது. தண்ணீருக்கு மட்டும் அந்தத் தாட்சண்யம் கிடையாது. காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாகத் தண்ணீர் சூட்டைக் கடத்தும். இருபது டிகிரிக் காற்றில் மப்ளரோடு உட்கார்ந்து டீ குடிக்கலாம். இருபது டிகிரித் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்து பாருங்கள், டம்ளரைப் பிடிக்க விரல் மடங்காது.

நீச்சல் என்றால் இப்போது எல்லாருக்கும் நீலத் தரை போட்ட குளமும் பளபளவென்ற காஸ்ட்யூமும்தான் ஞாபகத்துக்கு வருகிறது. ஆனால் உடையோடு தண்ணீரில் இறங்குவதுதான் இந்த மண்ணின் வழக்கம். குளித்தல் என்ற சொல்லுக்கே பழைய பொருள் மூழ்குதல். முத்துக்குளித்தல் என்கிறோமே, அதில் அந்தப் பொருள் இன்னும் உயிரோடிருக்கிறது. பரிபாடலில் பெண்கள் வையையில் தைந்நீராடுகிறார்கள். தை மாதப் பனியில், விடியற்காலையில். புனலாடும்போது பெண்கள் உடுத்துவதற்கு அந்தக் காலத்திலேயே தனிச்சொல் இருந்தது: ஈரணி. ஸ்விம் சூட் என்பதற்குத் தமிழில் என்ன என்று பட்டிமன்றம் நடத்துகிறவர்கள் இந்தச் சொல்லை எடுத்துக்கொள்ளலாம், என் அன்பளிப்பு.

ஐப்பசி முழுவதும் மயிலாடுதுறையில் துலாக் காவிரி முழுக்கு நடக்கிறது. கடைசி நாள் கடைமுகம். நடக்க முடியாத ஒருவர் அதற்கும் தாமதமாக வந்து சேர்ந்தாராம், அவருக்காகக் கார்த்திகை முதல் நாள் முடவன் முழுக்கு. எல்லாம் மழை கொட்டுகிற, ஆறு புரளுகிற மாதங்கள். கார்த்திகை பிறந்தால் மாலை போட்ட சாமிமார் விடியுமுன் பச்சைத் தண்ணீரில் முழுகி, சொட்டச் சொட்ட ஈர வேட்டியோடு வருவார்கள். மார்கழியைப் பற்றி நான் சொல்லவே வேண்டாம், விடியற்காலை ஒலிபெருக்கி சொல்லிவிடும். இத்தனையிலும் ஒருவராவது உடையைக் களைந்துவிட்டு இறங்குகிறாரா? இடுப்பில் ஒரு துணியாவது இல்லாமல் ஆற்றில் கால் வைக்கக் கூடாது என்று சொல்லியே நம்மை வளர்த்தார்கள்.

நமக்குப் பக்கத்திலேயே திருநீர்மலை. திருமங்கையாழ்வார் வந்தபோது மலையைச் சுற்றிலும் தண்ணீர் நின்றதாம். வடிகிற வரைக்கும் ஆறு மாதம் காத்திருந்து, பிறகு ஏறிச் சேவித்தார் என்பது தலபுராணம். குதிரையும் வாளுமாகத் திரிந்த மனிதர் அவர். அவரே அந்த வெள்ளத்தில் இறங்கவில்லை.

நான் நீச்சல் கற்றது மதுராந்தகத்துப் பக்கம், எங்கள் தாத்தாவின் பம்புசெட் கிணற்றில். பாவாடை, சட்டை, அதற்கு மேல் முதுகில் கட்டிய காய்ந்த சுரைக்குடுக்கை. அவ்வளவுதான் கருவி. என் மாமா இடுப்பில் கயிற்றைக் கட்டி மேலேயிருந்து பிடித்துக்கொள்வார். கிணற்றில் குதித்ததும் முதலில் நடப்பது என்ன தெரியுமா? பாவாடை குடை மாதிரி விரியும். உள்ளே காற்று புகுந்து, இடுப்பைச் சுற்றி ஒரு பெரிய பூசணிக்காய் மாதிரி உப்பிக்கொண்டு நம்மைத் தாங்கும். காற்று போகும்வரை சும்மாவே மிதக்கலாம். இது தெரிந்த பிறகு நாங்கள் படிக்கட்டில் ஏறி ஏறிக் குதிப்போம். இங்கே இருக்கும் ஆண்களும் செய்திருப்பீர்கள்: நனைந்த துண்டை விரித்துத் தண்ணீரில் அறைந்து, நாலு முனையையும் அடியில் சேர்த்துப் பிடித்தால் துணி பந்தாகிவிடும். அதன் மேல் நெஞ்சை வைத்துப் படுத்துக்கொண்டு காலை அடிக்கலாம். காய்ந்த துணியில் இது வராது. துணி நனைந்திருந்தால் இழைகளின் இடைவெளியைத் தண்ணீர் அடைத்துவிடும், காற்று வெளியே போகாது. பௌதிகம் படிக்காமலே எங்களுக்கு இது தெரிந்திருந்தது. அமெரிக்கக் கடற்படையில் இதையே பேன்ட்டை வைத்துப் பயிற்சியாகக் கற்றுக்கொடுக்கிறார்கள். கால் முனைகளை முடிச்சுப் போட்டு, காற்றை அடைத்துக் கழுத்தில் மாட்டிக்கொள்வது. நம் பிள்ளைகள் கோவணத்தோடு நின்றுகொண்டு செய்ததுதான்.

சரி, ஸ்வெட்டருக்கு வருகிறேன். தம்பி, அந்தத் தராசைப் பிடி. நன்றாக உயர்த்திப் பிடி.

காய்ந்த ஸ்வெட்டர் எவ்வளவு காட்டுகிறது? 450 கிராம். இப்போது வாளிக்குள் அமுக்குகிறேன். குமிழி வருகிறது பாருங்கள், அவ்வளவும் உள்ளே இருந்த காற்று. முதலில் மிதக்கத்தான் பார்க்கிறது. நன்றாக ஊறட்டும். இப்போது கொக்கியை மாட்டி, ஸ்வெட்டர் தண்ணீருக்குள்ளேயே இருக்கும்படி தூக்கு. முள் எங்கே நிற்கிறது? பூஜ்யத்துக்குக் கொஞ்சம் மேலே. பாட்டிம்மா, நீங்களும் வந்து பாருங்கள். தண்ணீரைக் குடித்த ஸ்வெட்டர் தண்ணீருக்குள் ஏறக்குறைய எடையே இல்லாமல் இருக்கிறது. அது குடித்தது தண்ணீரை, தண்ணீருக்குள் தண்ணீருக்கு என்ன கனம்? ஆக, ஸ்வெட்டர் யாரையும் கீழே இழுத்துக்கொண்டு போகாது.

இப்போது வெளியே தூக்கு. சொட்டட்டும், பிழியாதே. இரண்டு கிலோவை நெருங்குகிறதா? இதில்தான் பாட்டியின் பாதி உண்மை இருக்கிறது. நீந்தும்போது இல்லாத கனம் கரையேறும்போது வந்து உட்காரும். படிக்கட்டில் கை வைத்து உடம்பை உந்தும் அந்த நொடியில், ஏற்கெனவே களைத்த ஆளின் தோளில் இரண்டு கிலோ, இடுப்பில் ஜீன்ஸோடு இன்னும் இரண்டு கிலோ. குளத்தைக் கடந்தவர்கள் விளிம்பில் சறுக்கி விழுவது இதனால்தான்.

நீந்தும்போது துணி செய்யும் தொல்லை வேறு. அது இழுவை. அகலமான துணி தண்ணீரைப் பிடித்து நிறுத்தும், கை வீச்சு பாதியாகும். லுங்கி இரண்டு காலையும் சேர்த்துச் சுற்றிக்கொள்ளும். வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு இறங்கிய நம் பாட்டன்மார் காரணத்தோடுதான் கட்டினார்கள். குரங்குக் குல்லாய் இன்னும் மோசம். நனைந்தால் மூக்கிலும் வாயிலும் ஒட்டிக்கொண்டு மூச்சை அடைக்கும். விழுந்துவிட்டால் முதலில் அதைக் கழுத்துக்குக் கீழே இறக்குங்கள். மழைக்கோட்டு கொஞ்ச நேரம் தோளில் காற்றைப் பிடித்துவைத்து உதவும், அதன் தலைமூடி முகத்தில் விழாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

பையனின் பாதிக்கு வருவோம். ஸ்வெட்டர் தண்ணீரில் சூடு தருமா? தரும், கொஞ்சம். உடம்புச் சூட்டில் வெதுவெதுப்பாகும் தண்ணீரைத் துணி தோலை ஒட்டியே பிடித்துவைக்கும், புதுத் தண்ணீர் வந்து அதை அடித்துக்கொண்டு போகாமல் தடுக்கும். இதைச் சோதித்துப் பார்த்தவர் வில்லியம் கீட்டிங் என்ற ஆங்கிலேய உடலியங்கியல் அறிஞர். 1963 டிசம்பர் 22, லகோனியா என்ற பயணிகள் கப்பல் மதேயரா தீவுக்கு வடக்கே அட்லாண்டிக் கடலில் தீப்பிடித்தது. கிறிஸ்துமஸ் உல்லாசப் பயணம். 128 பேர் இறந்தார்கள். அந்தக் கடல் உறைகிற கடல் இல்லை, சுமார் 18 டிகிரி. பெரும்பாலோர் உயிர்காப்புச் சட்டையோடு மிதந்துகொண்டுதான் இருந்தார்கள். கடல் மூழ்கடிப்பதற்கு முன்பே அவர்களைக் குளிர் முடித்துவிட்டது என்று கீட்டிங் 1965இல் எழுதினார். உடையைக் கழற்றி எறிந்துவிட்டுக் கை காலை அடித்துக்கொண்டே இருந்தால் சூடாக இருக்கும் என்று நாம் எல்லாரும் நினைப்போம். அவர் கண்டது நேர்மாறு. குளிர்ந்த நீரில் உடையோடு, அசையாமல் கிடப்பவருடைய சூடு மெதுவாக இறங்குகிறது. கையைக் காலை வீசினால் ரத்தம் கை கால்களுக்கு ஓடி, சூட்டைத் தண்ணீருக்கு வாரிக் கொடுத்துவிடுகிறது.

18 டிகிரி என்றதும் எனக்கு இலங்கையின் வல்வெட்டித்துறை ஞாபகம் வருகிறது. பாக்கு நீரிணையை முதலில் நீந்திக் கடந்தவர் பக்கத்துத் தொண்டைமானாற்று நவரத்தினசாமி, 1954இல். வல்வெட்டித்துறைக்காரர் குமார் ஆனந்தன், ஆழிக்குமரன் என்று பட்டம் பெற்றவர். 1971இல் அங்கிருந்து கோடியக்கரைக்கு வந்து, திரும்பவும் நீந்திப் போனார். போகவும் வரவும் 51 மணி நேரம். வெதுவெதுப்பான நம் கடலில் இரண்டு ராத்திரியைத் தாங்கிய உடம்பு அது. 1984 ஆகஸ்டில் ஆங்கிலக் கால்வாயில் நீந்தும்போதே அவர் உயிர் போயிற்று. ஆகஸ்ட் என்பது அவர்களுக்குக் கோடைக்காலம். அந்தக் கோடையிலும் அந்தக் கால்வாய் 16, 18 டிகிரிக்கு மேல் ஏறாது. அங்கே நீந்துகிறவர்கள் சாதாரணக் காஸ்ட்யூமும் குல்லாயும் தவிர வேறு துணி எதுவும் அணியக் கூடாது என்பது பழைய விதி. உடம்பைக் காக்கும் துணியோடு நீந்தினால் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். அதே கால்வாயை 1994இல் நம் குற்றாலீசுவரன் 12 வயதில் கடந்தான், அதையும் சொல்லாமல் விட்டால் பாவம்.

குளிர்ந்த தண்ணீரில் முதல் நிமிஷம்தான் பெரிய கண்டம். தோல் திடீரென்று குளிர்ந்ததும் நாம் கேட்காமலே நெஞ்சு விம்மி ஒரு பெரிய மூச்சை இழுக்கும். அந்த நேரம் முகம் தண்ணீருக்குள் இருந்தால் இழுத்தது தண்ணீர். பிறகு மூச்சு வாங்கிக்கொண்டே இருக்கும், அடக்க முடியாது. கனடாவில் மனிடோபா பல்கலைக்கழகத்தின் கோர்டன் கீஸ்பிரெக்ட் என்பவர் தன் உடம்பையே பனித் தண்ணீரில் இறக்கி இறக்கிப் பார்த்து ஒரு கணக்குச் சொன்னார்: ஒரு நிமிஷம் மூச்சை நிதானப்படுத்த, பத்து நிமிஷம் கை கால் சொன்னபடி கேட்க, ஒரு மணி நேரம் நினைவு தப்ப. அது உறைபனி நாட்டுக் கணக்கு, நமக்கு அப்படியே பொருந்தாது. ஆனால் அந்த மூச்சுத் திணறல் 25 டிகிரிக்குக் கீழே இறங்கும்போதே தொடங்கிவிடுகிறது என்று இங்கிலாந்தில் போர்ட்ஸ்மத்தில் இதையே ஆராய்கிற டிப்டன் சொல்லியிருக்கிறார். ராத்திரி மழை பெய்து நிறைந்த டிசம்பர்த் தண்ணீர் நமக்கு அந்த எல்லையில்தான் நிற்கிறது.

அந்தத் தண்ணீரை இந்த ஊருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மழைக்காலத்தில் செம்பரம்பாக்கம் ஏரியில் மதகைத் திறக்கும்போதெல்லாம் தொலைக்காட்சியின் அடியில் ஒரு வரி ஓடும்: சிறுகளத்தூர், காவனூர், குன்றத்தூர், திருமுடிவாக்கம், வழுதியம்பேடு, திருநீர்மலை. வேறு எதற்கும் நம் ஊர் பெயரைத் தொலைக்காட்சியில் பார்த்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. 2015 டிசம்பர் முதல் தேதி காலையிலிருந்து மறுநாள் காலைக்குள் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை. செம்பரம்பாக்கத்தில் 47. 24 அடி ஏரி, 3,645 மில்லியன் கன அடி கொள்ளளவு, ஏற்கெனவே பெருமளவு நிறைந்திருந்தது. விநாடிக்கு 29,000 கன அடி என்று அரசுக் கணக்கு சொல்லும் தண்ணீர் அடையாற்றுக்குப் போகும் வழியில் நம்மைத்தான் தாண்டிப் போயிற்று.

அன்று ராத்திரி நான் என்ன உடுத்தியிருந்தேன் என்று சொல்கிறேன். ஆண்கள் கோபித்துக்கொள்ளாதீர்கள், இது சொல்லவேண்டிய விஷயம். நைட்டி. மேலே இதோ இந்த ஸ்வெட்டர். மின்சாரம் கிடையாது. தெருவில் இடுப்பளவு தண்ணீர், எதிர்வீட்டு மாடிக்குப் போகவேண்டும். சின்ன வயதிலிருந்தே நீச்சல் தெரிந்தவள், எனக்குத் தண்ணீர் பயமில்லை. இறங்கினேன். நைட்டி மேலே மிதந்து எழும்பிவிட்டது. சுற்றிலும் டார்ச் வெளிச்சம், ஆட்கள். என் வலது கை தானாகவே நைட்டியை அமுக்கிப் பிடித்துக்கொண்டது. இடது கையில் பத்திரங்கள் இருந்த பை. மூன்றாவது அடியில் திறந்து கிடந்த கால்வாய்க்குள் கால் போயிற்று. கழுத்து வரை இறங்கிவிட்டேன். அப்போதும், கேளுங்கள், அப்போதும் வலது கை நைட்டியை விடவில்லை. நீச்சல் வாத்தியார் நான்! இடது கை பையை விட்டது, மானத்தைப் பிடித்த கை விடவில்லை. எதிர்வீட்டுப் பையன் தலைமயிரைப் பிடித்து இழுத்தான், பிழைத்தேன். மாடிப்படி ஏறும்போது ஸ்வெட்டரின் கனத்தைத் தோளில் உணர்ந்தேன். ஆனால் அன்று என்னைக் கொல்லப் பார்த்தது ஸ்வெட்டர் இல்லை. அறுபது வருஷமாக எனக்குள் ஊறிய கூச்சம்.

இது என் ஒருத்தி கதை என்றால் மேடையேறிச் சொல்ல மாட்டேன். 2004 சுனாமியில் கடலூர் மாவட்டத்தில் இறந்தவர்களில் ஆண்கள் 146, பெண்கள் 391 என்று ஆக்ஸ்ஃபாம் அடுத்த வருஷம் வெளியிட்ட அறிக்கை சொன்னது. ஒன்றுக்கு இரண்டரைக்கு மேலே. பெண்கள் கரையில் மீனுக்காகக் காத்திருந்தார்கள், குழந்தையைத் தூக்க ஓடினார்கள், இவையெல்லாம் காரணம். நீச்சலும் மரமேறுவதும் ஆண்பிள்ளைக்கு மட்டும் கற்றுக்கொடுத்ததும் காரணம். புடவையும் கூந்தலும் சிக்கியதும் காரணம். கடற்கரையில் பிறந்து வளர்ந்த பெண்களுக்கே இந்தக் கதி.

அதே புடவை இன்னொன்றும் செய்தது. 2020 ஆகஸ்டு, பெரம்பலூர் மாவட்டம் கொட்டரை நீர்த்தேக்கம். குளிக்க வந்த இளைஞர்கள் நான்கு பேர் ஆழத்தில் மாட்டிக்கொண்டார்கள். துணி துவைத்துவிட்டுக் கிளம்பிய மூன்று பெண்கள், ஒரு கணமும் யோசிக்காமல், கட்டியிருந்த புடவைகளை அவிழ்த்து முடிச்சுப் போட்டு வீசினார்கள். இரண்டு பேரை இழுத்துக் கரை சேர்த்தார்கள். மற்ற இரண்டு பேரைக் காப்பாற்ற முடியவில்லை. அந்த ஆண்டு சுதந்திர தினத்தில் தமிழக அரசு அந்தப் பெண்களுக்குக் கல்பனா சாவ்லா விருது கொடுத்தது. ஒரு புடவை ஐந்தரை மீட்டர். பருத்திப் புடவை நனைந்தால் இன்னும் உறுதிப்படும். துப்பட்டா இரண்டரை மீட்டர் வரும். கயிறு தேடி ஓட வேண்டாம், எல்லார் உடம்பிலும் இருக்கிறது. எனக்குத் தெரிந்தவர்கள் மட்டுமே நின்ற தெருவில் என்னால் விடமுடியாத நைட்டியை நினைத்துப் பார்க்கிறேன். அந்த மூன்று பேர் முன்னால் நான் எந்த ஆசிரியை?

இனி நம் நீச்சல் வகுப்புகளைப் பார்ப்போம். ஓய்வுபெற்ற பிறகு பெண்களுக்கு வகுப்பெடுக்கலாம் என்று ஒரு நீச்சல் குளத்துக்குப் போய்க் கேட்டேன். எந்தக் குளம் என்பது வேண்டாம். “காட்டன் டிரெஸ் அனுமதி இல்லை மேடம், நைலான், லைக்ரா மட்டும்தான்.” நூல் உதிர்ந்து வடிகட்டியில் அடைக்கும் என்பது காரணம். நியாயமான காரணம்தான். ஆனால் சுடிதாரோடு வர நினைத்த பதினோரு பெண்களில் பத்துப் பேர் அன்றோடு நின்றுவிட்டார்கள். பதினோராவது நான். புர்கா போடும் என் மாணவி ஒருத்தி அழகாகக் கேட்டாள்: “மிஸ், நான் தண்ணியில விழறப்ப காஸ்ட்யூம் மாத்திட்டு விழ நேரம் கெடைக்குமா?”

நெதர்லாந்துக்காரர்கள் இந்தக் கேள்வியை எப்போதோ கேட்டுக்கொண்டுவிட்டார்கள். தடுக்கி விழுந்தால் கால்வாயில் விழும் நாடு அது. அங்கே பிள்ளைகளுக்கு ஏ, பி, சி என்று மூன்று நீச்சல் சான்றிதழ். மூன்றிலும் உடையோடு நீந்திக் காட்ட வேண்டும். படி ஏற ஏற உடையும் கூடும். கடைசிப் படியில் நீளக் காற்சட்டை, முழுக்கைச் சட்டை, அதன் மேல் மழைக்கோட்டு, காலில் ஷூ. அந்தக் கோலத்தில் குளத்தில் விழுந்து, நீந்தி, ஏறி வரவேண்டும். ஜப்பானில் பள்ளிக்கூடங்களிலேயே உடையோடு நீச்சல் சொல்லிக்கொடுக்கிறார்கள். அவர்கள் பாடம் இன்னும் எளிது: மல்லாந்து கிட, மிதந்துகொண்டே காத்திரு. ஷூவைக் கழற்றாதே, அதன் அடிப்பாகம் மிதக்கும், காலைத் தூக்கிக் கொடுக்கும். நம் ஊர் ரப்பர் செருப்பும் மிதக்கும். வெள்ளத்தில் முதலில் போவது அதுதான், எல்லார் வீட்டிலும் ஒற்றைச் செருப்பு மிச்சமிருக்குமே.

நம் பிள்ளைகள் எதில் விழுகிறார்கள்? இங்கிருந்து எருமையூர், நல்லூர், பழந்தண்டலம், சிக்கராயபுரம் வரை கைவிட்ட கல்குவாரிகள். சென்னையின் வீடுகளும் சாலைகளும் எழுந்தது அந்தக் குழிகளிலிருந்து எடுத்த கல்லில். 2017 வறட்சியில் சிக்கராயபுரம் குவாரித் தண்ணீரைச் சுத்திகரித்து நகரத்துக்குக் குடிக்கக் கொடுத்தார்கள், 2019இலும். அவ்வளவு தண்ணீர், அவ்வளவு ஆழம். ஏரி என்றால் கரையிலிருந்து சரிவாக ஆழம் கூடும், கால் சொல்லிக்கொடுக்கும். குவாரிக்குச் சரிவு கிடையாது. வெட்டிய பாறை நேராக இறங்கும், ஒரு எட்டு பாறை, அடுத்த எட்டு ஆழம். மேல் தண்ணீர் வெயிலில் வெதுவெதுப்பாக இருக்கும், கீழ்த் தண்ணீர் கலக்காமல் சில்லென்று நிற்கும். குதிக்கிறவன் வெதுவெதுப்பைத் தாண்டிச் சில்லிப்புக்குள் போகிறான், மூச்சு இழுக்கிறது. மேலே வந்தாலும் பாசி பிடித்த பாறையில் கை வைக்க இடமில்லை. ஈர ஜீன்ஸ் இரண்டு கிலோ. இந்த நாட்டில் 2022இல் மட்டும் தண்ணீரில் மூழ்கி இறந்தவர்கள் 38 ஆயிரத்துக்கும் மேல் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்கு. எச்சரிக்கைப் பலகை வைத்திருக்கிறார்களே என்பீர்கள். இருக்கிறது, அதன் மேல் சட்டையைக் கழற்றிக் காயப்போட்டுவிட்டுத்தான் குதிக்கிறார்கள்.

ஆகவே, குவாரிப் பக்கம் போகாதே என்று மட்டும் சொல்லி நான் இறங்கப் போவதில்லை. எனக்குத் தெரிந்த ஒரு விவசாயி, படிக்கட்டு வைத்த தன் கிணற்றை ஞாயிறு காலையில் எங்களுக்கு விடுகிறார். பொங்கல் கழிந்ததும் தொடங்குகிறேன். இடுப்பில் கயிறு, மேலே இரண்டு பேர், முதுகில் மூடி இறுக்கிய காலிக் கேன்; சுரைக்குடுக்கைக்கு இப்போது நான் எங்கே போவேன்? பெண்களுக்குத் தனி நேரம், பெண்களே கயிறு பிடிப்பார்கள். வீட்டில் உடுத்துவது எதுவோ அதோடு வாருங்கள். நைட்டி என்றால் நைட்டி. முதல் நாள் நீச்சலே கிடையாது. நைட்டியின் இரு ஓரத்தையும் முழங்காலுக்கு மேலே முடிந்துகொள்வது, துப்பட்டாவைக் கழுத்திலிருந்து எடுத்துவிடுவது, மல்லாந்து மூச்சைப் பிடித்துக் கிடப்பது, ஈரத்துணியோடு படியேறுவது. இந்த நாலும்தான். ஒன்றை மட்டும் கட்டாயம் கொண்டுவாருங்கள், மாற்றுத்துணி. மறந்துவிட்டுப் பைக்கில் ஈரத்தோடு வீடு திரும்பினால் அன்றைக்குத்தான் உண்மையான குளிர் தெரியும்.

மணி ஆகிறது. தம்பி, தராசைத் துடைத்து அவரிடம் கொடுத்துவிடு. ஸ்வெட்டரை இரண்டு பேராகப் பிடித்து நன்றாகப் பிழியுங்கள், முறுக்காதீர்கள், கை நீண்டுவிடும். நாளைக் காலையில் அவருக்கு வாக்கிங் போக வேண்டும். இதை இங்கே எடுத்துவந்தது அவருக்கு இன்னும் தெரியாது.